நம் எம்.பி.யின் கணக்கை வாசிப்பது எப்படி?

2024 ஏப்ரல் மாதம். மக்களவைத் தேர்தல் பிரச்சாரம் சூடு பிடித்திருந்த நேரம். நெடுங்கண்டம் கடைவீதியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் நம் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். ஒருவர் செல்பேசியைக் காட்டி, “பாரு, எம்.பி. இத்தனை நாள் சபைக்குப் போயிருக்காரு, இத்தனை கேள்வி கேட்டிருக்காரு” என்கிறார். மற்றவர், “கேள்வி கேட்டு என்னத்துக்கு? ஏலக்காய் விலை ஏறிச்சா? எதுக்கு ஓட்டுப் போட்டாரு, எதை எதிர்த்தாரு, அதைக் காட்டு” என்கிறார். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்க காலமெல்லாம் பேரேடு பார்த்தவங்க. இந்தக் கணக்கு சரியா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க” என்றார்கள்.

உண்மையைச் சொன்னால் அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறேழு தேர்தலில் ஓட்டுப் போட்டவன்தான். ஆனால் ஓட்டு வாங்கிக்கொண்டு டெல்லிக்குப் போகிறவர் அங்கே செய்வதை எந்த அளவுகோலால் அளப்பது என்று யோசித்ததே இல்லை. அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததில் தெளிந்ததை நம் சங்க மலர் வாசகர்கள் முன் வைக்கிறேன்.

நம் தொகுதி

உடும்பஞ்சோலை, தேவிகுளம், பீர்மேடு, இடுக்கி, தொடுபுழா, மூவாற்றுப்புழா, கோதமங்கலம் ஆகிய ஏழு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது இடுக்கி மக்களவைத் தொகுதி. 1977 தேர்தலில் சி.எம். ஸ்டீபன், 1980இல் எம்.எம். லாரன்ஸ், 1984இல் பி.ஜே. குரியன், 1989இலும் 1991இலும் பாலா கே.எம். மாத்யூ, 1996இல் ஏ.சி. ஜோஸ், 1998இல் பி.சி. சாக்கோ, 1999இலும் 2004இலும் கே. பிரான்சிஸ் ஜார்ஜ், 2009இல் பி.டி. தாமஸ், 2014இல் ஜாய்ஸ் ஜார்ஜ், 2019இலும் 2024இலும் டீன் குரியாகோஸ் என்று வரிசையாக வென்றிருக்கிறார்கள். காங்கிரஸ், மார்க்சிஸ்ட், கேரளா காங்கிரஸ், சுயேச்சை என்று எல்லா வகையும் இதில் உண்டு. ஆகவே அளவுகோலைச் சோதித்துப் பார்க்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. நம் தொகுதியே போதும்.

ஓட்டுக் கணக்கு: ஆளுடையதா, கட்சியுடையதா?

முதலில் அந்த இரண்டாவது பிள்ளை கேட்டதை எடுத்துக்கொள்வோம். எம்.பி. எதற்கு ஓட்டுப் போட்டார்?

நம் மக்களவையில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. சபாநாயகர் கேட்க, ஆதரிப்பவர்கள் ‘ஆம்’ என்றும் எதிர்ப்பவர்கள் ‘இல்லை’ என்றும் குரல் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அதைத் தம் காதால் கேட்டு அவர் முடிவு சொல்வார். யார் என்ன சொன்னார் என்று பெயர் வாரியாக எந்தப் பதிவும் கிடையாது. 2020 செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் இப்படித்தான் வந்தன. 2021 நவம்பர் 29இல் அவை திரும்பப் பெறப்பட்டதும் இப்படித்தான், விவாதமே இல்லாமல், சில நிமிடங்களில். நாட்டையே ஒரு வருடம் உலுக்கிய விஷயத்தில், வந்தபோதும் போனபோதும், நம் எம்.பி.யின் பெயருக்கு நேரே ஓட்டுப் பதிவு இல்லை.

உறுப்பினர் யாராவது முடிவை ஏற்காமல், எண்ணிப் பார்க்க வேண்டும் என்று கேட்டால்தான் ‘டிவிஷன்’ என்னும் பகுப்பு வாக்கெடுப்பு நடக்கும். மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். பிறகு கதவுகள் அடைக்கப்படும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்கு மஞ்சள். பொத்தான் சரியாகப் பதியாதவர்கள் சீட்டில் எழுதித் தருவார்கள். அதனால் முடிவை அறிவிக்கும்போதே ‘திருத்தத்துக்கு உட்பட்டது’ என்று சேர்த்துத்தான் அறிவிப்பார்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் இந்த முறை கட்டாயம். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும்.

சரி, பதிவான ஓட்டையாவது அந்த ஆளுடைய மனசு என்று எடுத்துக்கொள்ளலாமா? அதுவும் கஷ்டம். 1985இல் 52ஆம் திருத்தத்தால் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போய்விடும். இங்கிலாந்தில் கட்சியை மீறி ஓட்டளித்தால் கட்சியின் கோபம் வரும், அடுத்த தேர்தலில் வாய்ப்புப் போகலாம். ஆனால் இருக்கும் பதவி போகாது. அங்கே ஓட்டுப் பதிவைப் பார்த்து ஓர் உறுப்பினரின் குணத்தைச் சொல்லலாம். நம் ஊரில் அதைப் பார்த்தால் கட்சியின் குணம்தான் தெரியும்.

வியாபாரிகளுக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 8இல் மக்களவையில் இறுதியாக நிறைவேறியபோது ஆதரவு 443, எதிர்ப்பு பூஜ்யம். அதில் ஒருவர் பெயரைப் பார்த்து ‘இவர் சிறு வியாபாரியை நினைத்துப் பார்த்தாரா’ என்று கண்டுபிடிக்க முடியுமா? 443 பேரும் ஒரே அச்சில் வார்த்த காசு மாதிரி நிற்கிறார்கள்.

இதற்காக ஓட்டு அற்பம் என்று சொல்லவில்லை. 1999 ஏப்ரல் 17இல் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அன்றைக்கு ஓர் எம்.பி.க்கு வயிற்றுவலி வந்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும்.

இரண்டு இடுக்கிக்காரர்கள்

நம் தொகுதியிலேயே இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. 2014இல் வென்ற ஜாய்ஸ் ஜார்ஜ் இடது முன்னணி ஆதரவு பெற்ற சுயேச்சை. சுயேச்சைக்குக் கொறடா கிடையாது. வென்றபின் ஒரு கட்சியில் சேர்ந்தால்தான் பதவி போகும். எப்படி ஓட்டுப் போட்டாலும் போகாது. ஆகவே 2014 முதல் 2019 வரை இடுக்கியின் ஓட்டு சட்டப்படி ஒரு தனி மனிதரின் சொந்த ஓட்டாக இருந்தது. ஆதரித்த முன்னணிக்கு அவர் கட்டுப்பட்டிருக்கலாம். அது நன்றிக் கடனே தவிர சட்டக் கட்டு அல்ல. ஓர் எம்.பி.யின் ஓட்டுப் பதிவைப் பார்க்குமுன் அவர் கொறடாவுக்கு உட்பட்டவரா என்று முதலில் பார்க்கணும்.

இன்னொருவர் அவருக்கு முன்பிருந்த பி.டி. தாமஸ். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி மாதவ் காட்கில் குழு 2011இலும், கஸ்தூரிரங்கன் குழு 2013இலும் அறிக்கை தந்தன. இரண்டாவது அறிக்கை கேரளத்தில் 123 கிராமங்களைச் சுற்றுச்சூழல் கூருணர்வுப் பகுதியாகக் குறித்தது. மலைநாடே கொந்தளித்தது. கடையடைப்பும் மறியலும் நம்மில் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். அந்த நேரத்தில் காங்கிரஸ்காரரான பி.டி. தாமஸ் காட்கில் அறிக்கையை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். 2014இல் கட்சி அவருக்கு இடுக்கியில் மீண்டும் வாய்ப்புத் தரவில்லை. கஸ்தூரிரங்கன் எதிர்ப்பில் முன்நின்ற ஹைரேஞ்ச் சம்ரக்ஷண சமிதியின் சட்ட ஆலோசகர் ஜாய்ஸ் ஜார்ஜ் அந்தத் தேர்தலில் டீன் குரியாகோஸை ஏறக்குறைய 50,000 ஓட்டில் வென்றார்.

அவர் சொன்னது சரியா தவறா என்பது இங்கே கேள்வி இல்லை. நம்மவர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து உண்டு. நான் கேட்பது வேறு. நம் மலையின் தலையெழுத்தைத் தொட்ட இந்த விஷயம் மக்களவையில் ஓட்டுக்கு வந்ததா? வரவில்லை. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு வெளியிடும் அறிவிக்கை அது. 2014 மார்ச்சில் வந்த வரைவு, திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு 2024 ஜூலை 31இல் ஆறாம் முறையாகவும் வந்தது. ஓர் எம்.பி. தம் தொகுதியையே பணயம் வைத்துப் பேசிய விஷயத்துக்கு ஓட்டுக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. பேச்சைப் படித்தால்தான் அந்த மனிதர் தெரிவார்.

வருகைக் கணக்கு

இப்போது முதல் பிள்ளையின் கணக்குக்கு வருவோம். பி.ஆர்.எஸ். என்னும் ஆய்வு நிறுவனம் எம்.பி.க்களின் வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா ஆகியவற்றைத் தொகுத்துத் தருகிறது. நல்ல தொண்டு. ஆனால் மூட்டையின் எடையை மட்டும் பார்த்து ஏலக்காய்க்கு விலை சொல்கிறவன் வியாபாரி அல்ல. கையில் அள்ளி, பச்சை எவ்வளவு, காய் எத்தனை மில்லி, பொக்கு எத்தனை என்று பார்க்கணும்.

வருகை என்பது பதிவேட்டில் பதிந்த நாள். பதிந்துவிட்டு எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பது அதில் வராது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியதில்லை. இடுக்கியின் சி.எம். ஸ்டீபன் 1978 ஏப்ரல் முதல் 1979 ஜூலை வரை மக்களவை எதிர்க்கட்சித் தலைவர். அந்த ஒன்றேகால் வருடத்தை இன்றைய அட்டவணையில் போட்டால் வருகைக் கட்டம் வெறுமையாக நிற்கும். அதைப் பார்த்து ‘சபைக்கே வராதவர்’ என்று சொன்னால் எவ்வளவு பெரிய தப்பு!

இன்னொன்று, நீக்கம். டீன் குரியாகோஸ் 2020 மார்ச் 5இல் ஏழு காங்கிரஸ் உறுப்பினர்களில் ஒருவராக இடைநீக்கம் செய்யப்பட்டார். மார்ச் 11இல் அது விலக்கப்பட்டது. மறுபடி 2023 டிசம்பர் 14இல், நாடாளுமன்றப் பாதுகாப்பு மீறல் பற்றி உள்துறை அமைச்சர் அறிக்கை தர வேண்டும் என்று எழுந்த அமளியில், கரூர் ஜோதிமணி உள்ளிட்டவர்களோடு கூட்டத் தொடர் முடியும்வரை நீக்கப்பட்டார். அந்தத் தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் நீக்கப்பட்டார்கள். வர முடியாமல் போன நாளும் வராத நாளும் சதவீதத்தில் ஒன்றாகவே தெரியும். நீக்கப்பட்டது நியாயமா, அமளி செய்தது நியாயமா என்று அவரவர் கட்சிப்படி சொல்லலாம். ஆனால் காரணம் தெரியாமல் சதவீதத்தைச் சொல்லக் கூடாது.

அதே டிசம்பர் 14இல் சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் நீக்கப் பட்டியலில் வந்தது. அன்று அவர் சபைக்குள்ளேயே இல்லை! பிறகு அவர் பெயரை எடுத்தார்கள். சபைப் பதிவிலேயே இப்படி நேரும் என்றால், நம் செல்பேசிக்கு வரும் பட்டியலை எவ்வளவு நிதானமாகப் படிக்க வேண்டும்!

பேச்சும் கேள்வியும்

விவாதத்தில் பேசும் நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்துப் பங்கிடப்படுகிறது. பெரிய கட்சியில் நேரம் அதிகம். ஆனால் கட்சி யாரைப் பேச விடுகிறது என்பது தனி. சின்னக் கட்சியில் ஆள் குறைவு, நேரமும் குறைவு. 1999இலும் 2004இலும் நம் பிரான்சிஸ் ஜார்ஜ் தம் கேரளா காங்கிரஸ் கட்சிக்கு மக்களவையில் ஒரே உறுப்பினர். அப்படிப்பட்டவருக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். எத்தனை முறை பேசினார் என்பதைவிட, கிடைத்த நிமிடத்தில் எதைப் பேசினார் என்று பார்ப்பதே நியாயம்.

கேள்வி நேரம்தான் என்னைப் பொறுத்தவரை சரியான உரைகல். நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் ஒரு நாளைக்கு 20. அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், மேலே துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியிடாதவை 230, பதில் எழுத்தில் வரும். ஓர் உறுப்பினருக்கு ஒரு நாளில் ஒரே ஒரு நட்சத்திரக் கேள்விதான். யாருடையது முதலில் வரும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. அந்த 20இலும் ஐந்தாறுதான் சபையில் வாய்மொழியாக எட்டும். மிச்சத்துக்கு எழுத்துப் பதில்தான்.

இங்கேயும் எண்ணிக்கையில் பொக்கு உண்டு. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டால் பெயர்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்குவார்கள். எல்லோர் கணக்கிலும் ஒவ்வொன்று ஏறும். 2020 செப்டம்பரில் கொரோனாக் காலக் கூட்டத்தில் கேள்வி நேரமே இல்லை, எழுத்துப் பதில் மட்டும்தான். அந்தக் காலத்து எம்.பி.யையும் முந்தைய எம்.பி.யையும் அப்படியே ஒப்பிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 2005 டிசம்பரில் காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக 11 எம்.பி.க்கள் பதவி நீக்கப்பட்டார்கள். கேள்வி நிறைய இருப்பதே புண்ணியம் என்றால் அவர்களும் புண்ணியவான்கள்தான்!

தனிநபர் மசோதாவும் அப்படித்தான். சுதந்திரத்துக்குப்பின் 14 தான் சட்டமாகியிருக்கின்றன. கடைசியாக நிறைவேறியது 1970இல். ஆகவே மசோதா கொண்டுவந்தார் என்றால் கவனம் ஈர்த்தார் என்று பொருள். சட்டம் கொண்டுவந்தார் என்று அல்ல.

எங்கள் சமண நெறியில் அநேகாந்தம் என்று ஒன்று சொல்வார்கள். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு. ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு இதுவே முழுசு என்று சாதிப்பதுதான் பிழை. அந்த இரண்டு பிள்ளைகளும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கத்தைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

எந்தக் குறையை யாரிடம் சொல்வது?

ஏலக்காய் என்றவுடன் விவசாய அமைச்சர் என்று நினைக்கிறோம். நறுமணப் பொருள் வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின்கீழ் வருகிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வாரியத்தில் மூன்று எம்.பி.க்களுக்கு இடமும் உண்டு. இறக்குமதி, ஏல மையம், மறு உற்பத்திக்கான உதவி இவையெல்லாம் வணிக அமைச்சருக்குப் போக வேண்டிய கேள்விகள். பட்டா மாநில வருவாய்த் துறையின் வேலை. ஆனால் வனநிலம் என்று வந்துவிட்டால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அனுமதி வேண்டும், அப்போது எம்.பி.க்கு வேலை உண்டு.

நமக்கு இதைவிட நெருக்கமான ஒன்று சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி வரிசை மாநிலந்தோறும் தனி. 1950 உத்தரவுக்குப்பின் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், தன் சாதி இரண்டு மாநிலப் பட்டியலில் இருந்தாலும்கூட, வந்த மாநிலத்தில் அந்தச் சலுகையைப் பெற முடியாது. 1990இல் உச்சநீதிமன்றமும் இப்படித்தான் சொன்னது. மூன்று தலைமுறையாக இங்கே ஏலத்தோட்டத்தில் உழைத்தும், தாத்தா எந்த வருடம் மலை ஏறினார் என்பதற்குக் காகிதம் இல்லாமல் பிள்ளைகளின் படிப்பு நிற்பதை நாம் பார்க்கிறோம். பட்டியலைத் திருத்தும் அதிகாரம் அரசியல் சட்டம் 341ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு மட்டுமே. பஞ்சாயத்து மெம்பரிடம் பத்து வருடம் நடந்தாலும் ஆகாத காரியம் இது. எம்.பி. வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான்.

பேச்சு வீணா?

“பேசி என்ன ஆகப்போகுது?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1955 செப்டம்பரில் மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குத் தரச் சொன்ன குழு, தேவிகுளம், பீர்மேட்டைத் தரச் சொல்லவில்லை. நாகர்கோவில் எம்.பி. மார்ஷல் நேசமணி அந்த டிசம்பரில் மக்களவையில் எழுந்து இந்த மலைத் தமிழர்களுக்காக வாதாடினார். பலன் கிடைக்கவில்லை, 1956 நவம்பர் 1இல் எல்லை வகுத்தபடியே நின்றது. அதற்காக அந்தப் பேச்சு வீண் என்று சொல்வோமா? இந்த மலையில் இப்படி ஒரு மக்கள் கூட்டம் இருந்தது, அதற்காக ஒருவர் எழுந்து பேசினார் என்பதற்கு அழியாத சாட்சி அந்த அச்சிட்ட பக்கம். இன்று நாம் கேரளத்தின் குடிமக்கள். எல்லைப் பேச்சு பழங்கதை. ஆனால் நம் குறை சபைப் புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது பழங்கதை அல்ல.

ஏறியது வெறும் எழுத்தாகவும் நின்றுவிடாது. ‘பரிசீலிக்கிறோம்’, ‘தகவல் திரட்டித் தருகிறோம்’ என்று அமைச்சர் சபையில் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறும். அதைப் பின்தொடர்ந்து கேட்கவே உறுதிமொழிக் குழு என்று ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. ஆகவே ஒரு நல்ல எம்.பி.க்கு நான் கண்ட அடையாளம் இது: ஒரே விஷயத்தை விடாமல் பிடித்திருப்பார். முதலில் கேள்வி, பிறகு பதிலைக் காட்டி மறு கேள்வி, பிறகு பூஜ்ய நேரத்தில் ஒரு நிமிடம், கடைசியில் ‘போன வருடம் தந்த உறுதி என்ன ஆச்சு’ என்று ஒரு கடிதம். நூறு விஷயத்தில் நூறு கேள்வி கேட்டவரைவிட, ஒரே விஷயத்தில் பத்துத் தரம் கேட்டவரால்தான் காரியம் ஆகும்.

இனி நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். எம்.பி.க்கு ஆகாயத்திலிருந்து கேள்வி வராது. யாராவது எழுதிக் கொடுக்கணும். விவரத்தோடு, எந்த அமைச்சகம், எந்தச் சட்டம், எத்தனை குடும்பம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் எந்தக் கட்சி எம்.பி.யும் தட்டமாட்டார், அவருக்கும் அது கணக்கில் ஏறுகிற காரியம்தானே. நாமோ ஓட்டுக் கேட்டு வரும்போது மாலை போடுகிறோம், கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறோம், திருவிழாவுக்குக் கூப்பிடுகிறோம். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நானும் கொடுத்ததில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மக்களவையின் இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்வியும் அமைச்சரின் பதிலும் முழுசாகவே கிடைக்கின்றன. நம் பிள்ளைகளுக்கு இது இரண்டு நிமிட வேலை. ஒவ்வொரு கூட்டத் தொடர் முடிந்ததும் ஏலக்காய், வனநிலம், சாதிச் சான்றிதழ், தமிழ்வழிப் பள்ளி ஆகிய நான்கில் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்று நம் சங்கத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வரலாம். கேட்கப்படாத கட்டம் வெறுமையாக இருந்தால், அடுத்த தொடருக்கு முன்னால் அதை நிரப்பச் சொல்லி நாமே எழுதிக் கொடுக்கலாம். அந்த டீக்கடைப் பிள்ளைகள் இருவரையும் மறுபடி பார்த்தேன். நோட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். எழுதுகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.